புதன் இரவு, 107ஆம் கட்டடம்

புதன் மாலை ஆறு மணிக்கு
மூன்று கார் நிற்கும் இடத்தைக் காலி செய்து
இரும்புச் சட்டங்களில் சாக்குகளை மாட்டுவேன்.
காகிதம், தகரம், கண்ணாடி, தெர்மோகோல்.
நிறமில்லாத பாட்டிலுக்கு ஒன்று,
நிறமுள்ளதற்கு வேறொன்று.

உல்சான் கப்பல்தளத்தில் இருபத்தாறு வருடம்
தகட்டோடு தகட்டைப் பற்றவைத்தவன் நான்.
இப்போது பிரிப்பதற்குச் சம்பளம்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள்.
என்னையும் ஏதோ ஒரு சாக்கில்
வைத்திருக்கிறார்கள்.

பாட்டிலென்றால் மூடியைத் திருக வேண்டும்,
மேலே சுற்றிய தாளை உரிக்க வேண்டும்,
மிதித்துத் தட்டையாக்க வேண்டும்.
ஒட்டும் கூடாது உறவும் கூடாது.
302ஆம் வீட்டுப் பையன் எதையும் உரிக்க மாட்டான்.
அவனுக்காக என் கட்டைவிரல் நகத்தை
வெட்டாமல் வளர்க்கிறேன்.

1503ஆம் வீட்டுக்காரர்
சோஜு பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருவார்,
ஒன்றோடொன்று மோதிப் பேசிவிடாதபடி.
நானே பிரித்துக்கொள்வேன்.
தாள் தாளில். பாட்டில் பாட்டிலில்.
நான் எண்ணுவதில்லை.
(போன வாரம் பதினேழு.)

மூலையில் உணவுக் கழிவு இயந்திரம்.
அட்டையைக் காட்டினால் வாய் திறக்கும்,
எடை சொல்லும், நன்றி சொல்லும்.
முட்டை ஓடு போடக்கூடாது, சிப்பி ஓடு கூடாது, எலும்பு கூடாது:
பன்றி தின்னுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்று
அறிவிப்புப் பலகையில் எழுதியவனும் நான்தான்.
குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் கோபித்துக்கொண்டார்.
பன்றி தின்னும் என்றேன், அவர் எதைக் கேட்டாரோ.

1104க்குத் தொள்ளாயிரம் கிராம் சொல்லிக்கொண்டிருந்த குரல்
மார்ச்சில் நானூறு சொன்னது.
அதே மாதத்திலிருந்து மிளகாய் விழுது டப்பாக்கள்
உள்ளே சிவப்போடு வந்தன.

மே மாதத்தில் ஒரு புதன்,
பதினொன்றே முக்காலுக்கு
பொங் ஹேரிம் இறங்கி வந்தார்.
மார்போடு அணைத்து ஒரு கல்யாண ஆல்பம்,
சின்னப் பெட்டி அளவு.
இது எதில் போகும் என்றார்.

வாய்ப் பழக்கம்:
“பிரித்துத்தான் கொடுக்கணும்.”

சொல்லிவிட்டு நான் விளக்கைப் பார்த்தேன்.
அவர் கத்தரிக்கோல் இருக்கிறதா என்றார்.

பால் கூடை இரண்டைக் கவிழ்த்து உட்கார்ந்தோம்.
மேலட்டை, போலித்தோல்: எதிலும் சேராது.
நான்கு மூலைப் பித்தளை: தகரத்தில்.
உள்ளட்டை காகிதத்தில், கண்ணாடித்தாள் பிளாஸ்டிக்கில்.
மீதி, படங்கள்.
அவற்றை அவர் காகிதச் சாக்கில் போட்டார்.
நான் எடுத்து வெளியே வைத்தேன்.
மேலே பூச்சு இருக்கிறது அம்மா,
பார்க்கக் காகிதம், ஆனால் காகிதமில்லை.

“எட்டு வருடம் நானும்
அப்படித்தான் ஏமாந்தேன்” என்று சிரித்தார்.
சிரிப்பு நிற்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

காசு கொடுத்து வாங்கிய குப்பைப் பை, இருபது லிட்டர்.
படங்கள் பாதிகூட நிரப்பவில்லை.
வீணாகிறதே, போடுவதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்றார்.
இருந்தது. இரவுச் சாப்பாட்டின் சிப்பி ஓடுகள்.
மணப்பெண்ணின் வெள்ளை உடை மேல்
கலகலவென்று கொட்டினேன்.
அவரே கழுத்தை முடிச்சிட்டார்,
கை நடுங்காமல், இரண்டு முடிச்சு.

காலை ஐந்தரைக்கு லாரி.
காகிதச் சாக்கைத் தூக்கியபோது
குவாக் கத்தினான்: “யாரப்பா இது, என் காகிதத்தில்?”
அட்டையின் பின்புறம் பசையோடு
ஒரு படம் ஒட்டியிருந்தது.
மாப்பிள்ளை மட்டும்,
இறுக்கமான காலர், காதெல்லாம் சிவப்பு.

கட்டைவிரல் நகத்தால் மெல்ல உரித்தேன்.
தெரிந்தவரா என்றான்.

1104இல் இருந்தவர், என்றேன்.
நூற்றிருபது வீட்டில்
டப்பாவைக் கழுவித் தந்த ஒரே ஆள்.

குவாக் அதை வாங்கி ஒருமுறை பார்த்தான்.
திருப்பிக் கொடுத்துவிட்டு
தெர்மோகோலைக் கட்டப் போனான்.
காற்று அடித்தது, துண்டுகள் பறந்தன,
இருவரும் வண்டிகளுக்கடியில் குனிந்து
பொறுக்கிக்கொண்டிருந்தோம்.